மதுரை – லே: 2,692-ஆ, 2,703-ஆ, 2,734-ஆ? பறக்கும் நேரம் உண்மையில் எவ்வளவு?

வைகைக்கரை:

மே கடைசி வாரம் மதுரையிலிருந்து லடாக்கில் இருக்கும் லே போக வேண்டும். நான்கு பேர், இருவருக்கு வயது அறுபதுக்கு மேல். டிக்கெட் போடும் முன் தூரமும் நேரமும் பார்த்துவிடலாம் என்று தேடினால், தளத்துக்கு ஒரு எண் வருகிறது.

தூரம்: ஒன்றில் 2,692 கி.மீ., இன்னொன்றில் 2,703 கி.மீ. வேறு இரண்டில் என்ன அலகு என்றே சொல்லாமல் 1,454 என்றும் 1,673 என்றும் போட்டிருக்கிறார்கள். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று எக்செலில் தூரம் காணும் ஃபார்முலா போட்டால் 2,734.

நேரம்: ஒரு தளம் 3 மணி 11 நிமிடம், இன்னொன்று 3 மணி 51 நிமிடம். டிக்கெட் விற்கும் தளத்தில் டெல்லி வழியாக 17 மணி 40 நிமிடம்!

எக்செலில் கொடுத்த இடக்குறிப்பு (அட்சரேகை, தீர்க்கரேகை): மதுரை 9.50, 78.05. லே 34.08, 77.32.

இதில் எதை நம்புவது? நேர் ஃப்ளைட் ஏன் இல்லை? காலையில் மதுரையில் ஏறி அன்றைக்கே லேவில் இறங்க முடியுமா?

கோணமானி:

ஃபார்முலா சரி. உள்ளே போட்ட எண்தான் தப்பு.

மதுரை ஏர்போர்ட் இருப்பது 9 டிகிரி 50 நிமிடம் வடக்கு. அதை 9.50 என்று எழுதக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 50-ஐ 60-ஆல் வகுத்து 9.83 என்று போட வேண்டும். லே 34 டிகிரி 8 நிமிடம் சொச்சம்; அது 34.08 இல்லை, 34.14. மதுரையில் மட்டும் 0.33 டிகிரி தெற்கே தள்ளிப் போய்விட்டீர்கள். அதாவது ஏர்போர்ட்டைத் தூக்கி விருதுநகர் தாண்டி வைத்த மாதிரி, 37 கி.மீ. பிழை. லே பக்கம் 6 கி.மீ. குறைவாக வந்ததால் ஒன்றையொன்று கழித்து மொத்தத்தில் 31 கி.மீ. கூடுதல். 2,734-இல் 31 கழித்தால் 2,703. உங்கள் எண் அங்கேதான் போய் நிற்கும்.

சரியான இடக்குறிப்பு: மதுரை 9.8345 வ, 78.0934 கி. லே 34.1359 வ, 77.5465 கி.

இந்த ஜோடிக்கு எக்செலே வேண்டாம். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, வித்தியாசம் 0.55 டிகிரிதான். மதுரையிலிருந்து லேவுக்குத் திசை 359 டிகிரி, நேர் வடக்குக்கு ஒரு டிகிரி மேற்கே. ஆகவே அட்சரேகை வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்: 34.136 – 9.835 = 24.30. ஒரு டிகிரி சராசரியாக 111.2 கி.மீ. பெருக்கினால் 2,702. செல்போன் கால்குலேட்டரில் பத்து நொடி வேலை.

அப்படியானால் 2,692 எங்கிருந்து வந்தது? அதுவும் சரிதான், சொல்லப்போனால் கூடுதல் சரி. 2,703 என்பது பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் பூமி துருவப் பக்கம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. அதனால் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல: நிலநடுக்கோட்டுப் பக்கம் 110.6 கி.மீ., துருவத்தில் 111.7 கி.மீ. மதுரை–லே வழி முழுக்க 10-க்கும் 34-க்கும் நடுவில் இருப்பதால் இங்கே சராசரி 110.74 தான். 24.30-ஐ அதனால் பெருக்கி, மேற்கே சாயும் துளியையும் சேர்த்தால் 2,692. பதினோரு கி.மீ. வித்தியாசம் அவ்வளவுதான், விமானத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

1,454 என்பது நாட்டிக்கல் மைல், 1,673 என்பது சாதா மைல். இரண்டும் அதே 2,692 கி.மீ.தான். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ., ஒரு சாதா மைல் 1.609 கி.மீ. இதைக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது. 1,454-ஐ சாதா மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 2,339 கி.மீ. வந்து, ‘அட, கிட்டத்தில்தான் இருக்கிறது’ என்று தோன்றும். 1,673-ஐ 1.852-ஆல் பெருக்கினால் 3,098. அலகு போடாத தளத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போவதே மேல்.

இன்னொன்று: சில தளங்களில் ‘மதுரை’ என்று அடித்தால் நகர மையத்திலிருந்து எண்ணும். ஏர்போர்ட் மீனாட்சி கோயிலுக்குத் தெற்கே ஒன்பது பத்து கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த அளவு ஏற்ற இறக்கத்தைப் பிழை என்று எடுக்க வேண்டாம்.

ஓடுபாதை_07:

தூரம் முடிந்தது. நேரத்துக்கு வருவோம்.

3 மணி 11 நிமிடம் சொன்ன தளம் 2,703-ஐ மணிக்கு 850 கி.மீ. என்று நேராக வகுத்திருக்கிறது. ஏறும்போதே 850-இல் போகிற விமானம் எதுவும் இல்லை. 3 மணி 51 சொன்ன தளம் 1,673 மைலை மணிக்கு 500 மைலால் வகுத்து (3 மணி 21), ஏற இறங்க என்று தட்டையாக அரை மணி சேர்த்திருக்கிறது. பெரும்பாலான ‘ஃப்ளைட் டைம் கால்குலேட்டர்’ எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான். எந்த விமானம், எந்தக் காற்று, எந்த ஓடுபாதை என்று எதையும் அவை பார்ப்பதில்லை.

கையால் போடும் முறை, ஏ320 அல்லது 737 வகை விமானத்துக்கு:

முதலில் நாட்டிக்கல் மைலை எடுத்துக்கொள்ளுங்கள், 1,454. விமானம் பெருவட்டக் கோட்டில், அதாவது உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய கோட்டில், நூல் பிடித்தாற்போலப் போகாது. வான்வழித் தடம், ராணுவத் தடைப் பகுதிகள், இறங்கும் ஊரில் வளைத்துக் கொண்டுவரும் பாதை எல்லாம் இருக்கிறது. உள்நாட்டு வழிக்கு 4 சதவீதம் சேர்த்தால் பெரும்பாலும் பக்கத்தில் வரும்: 1,512.

இதை 450 நாட் வேகத்தால் வகுக்க வேண்டும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்). அதுதான் மாக் 0.78-இல், அதாவது ஒலி வேகத்தில் 78 சதவீதத்தில், போகும்போது காற்றில் உள்ள வேகம், மணிக்கு ஏறத்தாழ 833 கி.மீ. 3 மணி 22 நிமிடம் வருகிறது.

ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே 250 நாட்தான் வரம்பு. அந்த இழப்புக்கு 12 நிமிடம். ஆக, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை 3 மணி 34.

கடைசியாகத் தரையில் ஊரும் நேரம். மதுரை மாதிரி நிலையத்தில் ஐந்தாறு நிமிடம், டெல்லி மாதிரி இடத்தில் இருபதும் ஆகும். இங்கே 15 முதல் 20 என்று வையுங்கள். 3 மணி 50, 3 மணி 55.

ஆக, 3 மணி 51 சொன்ன தளம் விடையில் தேறிவிட்டது, வழியில் தேறவில்லை! குறைந்த வேகமும் தட்டையான அரை மணியும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன. இதே சூத்திரத்தை டெல்லி–லேவுக்குப் போட்டுப் பாருங்கள். 620 கி.மீ., அதாவது 386 மைல். 46 நிமிடமும் அரை மணியும் சேர்ந்து 1 மணி 16. டைம்டேபிளில் போடுவது 1 மணி 20 முதல் 1 மணி 30 வரை. குறுகிய தூரத்தில் டெல்லியில் ஊரும் நேரமும், பள்ளத்தாக்கில் சுற்றி இறங்கும் நேரமும்தான் கணக்கைத் தின்றுவிடும். அந்த வழியில் கதவு மூடியதிலிருந்து திறக்கும் வரை சராசரி எடுத்தால் மணிக்கு 440 கி.மீ. பக்கம்தான் வரும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் ‘பிளாக் டைம்’. வண்டி நிற்கும் இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்து நிற்பதில் முடியும். அதற்குள் தாமதத்துக்கென்று கொஞ்சம் மெத்தையும் வைத்திருப்பார்கள். ட்ராக்கர் ஆப்பில் தெரிவது பெரும்பாலும் வானில் இருந்த நேரம் மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘இருபது நிமிஷம் முன்னாடியே இறக்கிட்டான்’ என்று சொல்வது அதனால்தான்.

ஒரு_சந்தேகம்:

பூமி சுழல்வதால் கிழக்கே போகும்போது நேரம் கூடும், மேற்கே குறையும் என்கிறார்களே? வடக்கே போவதற்கு அது எப்படிக் கணக்கு?

ஓடுபாதை_07:

கூடாது, குறையாது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. நேரத்தை மாற்றுவது காற்று வீசும் வேகம். நீங்கள் கேள்விப்பட்டதற்கு நேர்மாறாக, நம் வட இந்திய வழிகளில் கிழக்கே போவதுதான் சீக்கிரம்.

குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே 35,000 அடி பக்கம் மேற்கிலிருந்து ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடும். 100 நாட் வேகத்தைத் தாண்டுவது சாதாரணம். அகமதாபாத்–திப்ருகர் ஜோடியை எடுங்கள், 2,300 கி.மீ., 1,242 நாட்டிக்கல் மைல். சராசரி 80 நாட் காற்று என்று வைத்தால், கிழக்கே போகும்போது தரைவேகம் 530, திரும்பும்போது 370. முதலாவது 2 மணி 21, இரண்டாவது 3 மணி 21. தூரம் மாறவே இல்லை, நேரம் ஒரு மணி மாறிவிட்டது. கால்குலேட்டர் இரண்டுக்கும் ஒரே எண்தான் காட்டும்.

மதுரை–லே வடக்கு தெற்கு. அதே காற்று இங்கே பக்கவாட்டில் அடிக்கும். மூக்கைக் கொஞ்சம் மேற்கே திருப்பி வைத்துப் போக வேண்டும். 450 நாட் வேகத்தில் 100 நாட் பக்கக் காற்று என்றால் தரைவேகம் 439. இழப்பு 11 நாட்தான். அதுவும் வழியின் வடபாதியில் மட்டும். மே மாதக் கடைசியில் அந்தக் காற்று வலுவிழந்து வடக்கே நகரத் தொடங்கிவிடும். உங்கள் பயணத்துக்கு இதை மறந்துவிடலாம்.

கோணமானி:

அகமதாபாத்–திப்ருகர் சொன்னதால் ஒரு ஒட்டு. அங்கே என் பத்து நொடிக் கணக்கு செல்லாது, தீர்க்கரேகை வித்தியாசம் 22.38 டிகிரி. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்கும் என்பதால் அதை நடு அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். நடு 25.28, கொசைன் 0.904. 22.38 × 0.904 = 20.24. அட்சரேகை வித்தியாசம் 4.41. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 20.71, அதை 111.2-ஆல் பெருக்க 2,303. முழு ஃபார்முலா தரும் விடை 2,300. இந்தியாவுக்குள் எந்த இரண்டு ஊருக்கும் இந்த முறை போதும். கண்டம் தாண்டினால் மட்டும் கைவிடும். எக்செலில் போடுபவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்தால் விடை கன்னாபின்னா என்று வரும். அப்படி வருவது நல்லது, உடனே தெரிந்துவிடும். 9.50 மாதிரிப் பிழைதான் ஆபத்து, நிஜம் போலவே இருக்கும்.

வைகைக்கரை:

திருத்திப் போட்டேன், 2,703 வந்துவிட்டது. நன்றி. நேர் ஃப்ளைட் ஏன் இல்லை என்பதும், அன்றைக்கே போக முடியுமா என்பதும் இன்னும் பாக்கி. நாலு மணி நேர ஃப்ளைட் என்றால் ஏ320-க்குப் பெரிய தூரமே இல்லையே?

ஓடுபாதை_07:

தூரம் தடையே இல்லை. தடை லே ஓடுபாதை.

லே ஏர்போர்ட் கடல் மட்டத்துக்கு 10,682 அடி மேலே, 3,256 மீட்டர். மதுரை 459 அடி. அந்த உயரத்தில் காற்று மெலிது. வெயில் ஏற ஏற இன்னும் மெலியும். 10,682 அடிக்கு உரிய ‘இயல்பு’ வெப்பநிலை மைனஸ் 6. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். காலை 10 டிகிரியில் விமானத்துக்கு அது 12,600 அடி மாதிரி. மதியம் 25 டிகிரி ஆனால் 14,400 அடி. இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்கிறார்கள்.

விளைவு என்ன? மெலிந்த காற்றில் வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும். இறங்கும்போது அது 135 நாட் காட்டுகிறது என்று வைப்போம். 30 டிகிரி வெயிலில் மதுரையில் அது உண்மையில் மணிக்கு 259 கி.மீ. அதே 135, லே மதியத்தில் 312 கி.மீ. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கம். ஆகவே அதே எடைக்கு 45 சதவீதம் கூடுதல். ஓடுபாதையோ 2,750 மீட்டர் சொச்சம்தான்.

ஏறும்போது இன்னும் மோசம். என்ஜினுக்கும் காற்று குறைவு, இறக்கைக்கும் குறைவு. ஒரு என்ஜின் நின்றாலும் மலையைத் தாண்டி ஏற வேண்டும் என்ற விதி வேறு. எனவே எடையைக் குறைப்பதைத் தவிர வழி இல்லை. இங்கேதான் நேர் ஃப்ளைட் மாட்டிக்கொள்கிறது. ஏ320 மணிக்கு 2.2 முதல் 2.5 டன் எரிபொருள் குடிக்கும். லேவிலிருந்து டெல்லிக்கு ஒரு மணி நேர எரிபொருள் போதும். மதுரைக்கு மூன்றரை மணி. வித்தியாசம் ஐந்தரை டன் பக்கம். பெட்டியோடு ஆளுக்கு 95 கிலோ என்றால் கிட்டத்தட்ட 58 பேரை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப முடியும். டெல்லியிலிருந்து போகும் விமானத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. திரும்பும் எரிபொருளைப் பெரும்பாலும் டெல்லியிலேயே சேர்த்து நிரப்பிக்கொண்டு போகலாம். லேவில் இறங்க முடியாமல் போனால் திரும்பி வரவும் அது வேண்டும்.

ஏன் காலையில் மட்டும் ஃப்ளைட்? வெயில் ஒரு பாதி. மறுபாதி காற்று. லே ஓடுபாதை 07/25; ஒரே பாதையின் இரண்டு திசைகளுக்கு இரண்டு எண். கிழக்கே மலை ஏறிக்கொண்டே போவதால் வழக்கமாக 07-இல், அதாவது கிழக்கு நோக்கி இறங்கி, 25-இல் மேற்கு நோக்கிக் கிளம்புவார்கள். மதியத்தில் பள்ளத்தாக்கு சூடாகி மேற்குப் பக்கத்திலிருந்து காற்று எழும். இறங்கும் விமானத்துக்கு அது பின்காற்று. பின்காற்றுக்கு வரம்பு பொதுவாக 10, 15 நாட்தான். எதிர்ப்பக்கமாக இறங்கவும் மலை விடாது. கதை முடிந்தது, அடுத்த நாள் காலைதான்.

2024 ஜூலை கடைசியில் லேவில் வெயில் 35 டிகிரியைத் தாண்டியபோது பல விமானங்கள் ரத்தாயின. மேலே சொன்ன கணக்கில் 35 டிகிரியைப் போட்டுப் பாருங்கள், 15,600 அடி வரும். உங்களுக்கு மே கடைசி என்பதால் ஜூலை அளவு வெயில் இருக்காது. ஆனால் மேகம் இறங்கினால் ரத்துதான். மலைக்கு நடுவே கண்ணால் பார்த்து இறங்கும் இடம் அது.

ஒரு சின்ன விஷயம். சாதாரண ஃப்ளைட்டில் இறங்கும்போது கேபினுக்குள் அழுத்தம் கூடிக்கொண்டே வரும். பாட்டில் நசுங்கும், பாக்கெட் தளரும். லேவுக்குப் போகும்போது அது நடக்காது. வழக்கமாகக் கேபினுக்குள் இருக்கும் அழுத்தத்தை 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே விடுவதில்லை. தரையே 10,682 அடியில் இருப்பதால் இறங்கும்போது கேபின் ‘ஏற’ வேண்டியிருக்கிறது, அதாவது உள்ளே அழுத்தம் குறைய வேண்டும். கையில் முறுக்குப் பாக்கெட் இருந்தால் பாருங்கள், லேவில் கதவு திறக்கும்போதுதான் அது முழுசாக உப்பி நிற்கும்.

தெற்குவாசல்:

டிக்கெட் பக்கம் நான் சொல்கிறேன் அண்ணே.

அன்றைக்கே போவது நடக்காது. மதுரையில் காலை முதல் ஃப்ளைட்டைப் பிடித்தாலும் டெல்லியில் இறங்கும்போது மதியம் நெருங்கிவிடும். அதற்குள் லே விமானங்கள் போய் முடிந்திருக்கும். உங்கள் 17 மணி 40-ஐப் பிரித்துப் பாருங்கள்: மதுரை–டெல்லி 3 மணி 10, டெல்லியில் உட்கார்ந்திருப்பது 13 மணி 5, டெல்லி–லே 1 மணி 25. பறப்பது நாலரை மணிதான், மிச்சமெல்லாம் விடியும் வரை காத்திருப்பது. வரும்போது கதை வேறு. லேவில் காலையில் ஏறினால் பத்து பதினொன்றுக்குள் டெல்லி. அன்று மாலையோ இரவோ மதுரை. போவதற்கு இரண்டு நாள், வருவதற்கு ஒரு நாள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி வழி சுற்று என்று நினைக்க வேண்டாம். மதுரை–டெல்லி 2,085, டெல்லி–லே 621. கூட்டினால் 2,706. நேர்க்கோட்டை விட மூன்று கி.மீ.தான் அதிகம்! சென்னை வழியாகப் போனாலும் 416, 1,760, 621 என்று மொத்தம் 2,800-க்குள். தூரத்தில் நூறு கி.மீ. கூடப் போகாது, ஆனால் இன்னொரு ஏற்ற இறக்கம், இன்னொரு காத்திருப்பு.

சிலர் பகல் ரயிலில் தாம்பரம் போய், சென்னையில் ராத்திரி ஃப்ளைட் பிடித்து, நள்ளிரவுக்கு மேல் டெல்லியில் இறங்கி, அப்படியே விடியற்காலை லே ஃப்ளைட்டில் ஏறுவார்கள். ஓட்டல் காசு மிச்சம். உங்கள் குழுவுக்கு அது வேண்டாம். ராத்தூக்கம் கெட்ட உடம்போடு பதினோராயிரம் அடியில் போய் இறங்கினால், வயதானவர்களுக்கு முதல் நாளே தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்துவிடும்.

டெல்லியில் ராத்தங்கல் என்று முடிவு செய்துவிட்டு, பகலிலேயே டெல்லி சேரும் ஃப்ளைட்டாகப் பாருங்கள். மே மாத சாயங்காலம் டெல்லியில் புழுதிப் புயலும் இடிமழையும் சகஜம். அந்த நேரத்தில் வரும் விமானங்களை வானில் சுற்ற விடுவார்கள், இல்லையென்றால் ஜெய்ப்பூர், லக்னோ என்று திருப்பி விடுவார்கள். மதியம் இரண்டு மூன்றுக்கு இறங்கிவிட்டால் அந்தப் பயம் இல்லை. டிசம்பர், ஜனவரி என்றால் இதே இடத்தில் பனிமூட்டம். அது விடியற்காலை லே ஃப்ளைட்டையே பிடித்து நிறுத்தும்.

இரண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆரில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் ஐநூறு ஆயிரம் குறையலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்த டிக்கெட் உங்கள் தலையில். டெர்மினலைப் பாருங்கள். டி1-இல் இறங்கி டி3-இல் ஏற வேண்டியிருந்தால் இடையே வெளிச்சாலையில் பஸ்ஸோ டாக்ஸியோதான், உள்ளே நடந்து போக முடியாது. லே விடியற்காலை ஃப்ளைட் எந்த டெர்மினல் என்று தெரிந்த பிறகு ஓட்டல் போடுங்கள். பெட்டி கொடுக்கும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

இன்னொன்று, ஏர்போர்ட் கோட்: மதுரை ஐஎக்ஸ்எம், லே ஐஎக்ஸ்எல். ஒரே எழுத்து வித்தியாசம், அதுவும் பக்கத்து எழுத்து. ஐஎக்ஸ்ஜே ஜம்மு, ஐஎக்ஸ்சி சண்டிகர். கோட் அடித்துத் தேடுபவர்கள் ஊர்ப் பெயரையும் ஒருமுறை படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரு_சந்தேகம்:

மும்பையிலிருந்து லேவுக்கு நேரே போவதாகச் சொல்கிறார்களே? மதுரை–மும்பை–லே சரிப்படாதா?

தெற்குவாசல்:

சீசனில் இருப்பதுண்டு, எல்லா மாதமும் கிடையாது. இருந்தாலும் அதுவும் காலையில்தான் லேவில் இறங்க வேண்டும். மும்பையிலும் ராத்தங்கல் தப்பாது. டெல்லியில் இருக்கும் ஒரு வசதி மும்பையில் இல்லை. ஒரு லே ஃப்ளைட் ரத்தானால் அன்று காலையிலோ மறுநாளோ மாற்று ஃப்ளைட்கள் டெல்லியில் பல இருக்கும். மும்பையில் அது ஒன்றுதான் என்றால் மறுநாள் வரை காத்திருப்பு.

அதே காரணத்துக்காக டெல்லியிலும் லேவுக்கான முதல் ஃப்ளைட்டையே எடுங்கள். கடைசி ஃப்ளைட்தான் காற்றிலும் வெயிலிலும் முதலில் அடிபடும். திரும்பும்போதும் அப்படியே. வானிலையால் ரத்து என்றால் இழப்பீடு கிடைக்காது. முழுப் பணம், இல்லையென்றால் வேறு ஃப்ளைட், இரண்டில் ஒன்று கேட்டு வாங்கலாம். ஓட்டல் செலவு உங்களுடையது. ஆகையால் லே–மதுரை திரும்பும் நாளுக்கும் வேலைக்குப் போகும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் காலியாக விடுங்கள்.

வைகைக்கரை:

தெளிவாகிவிட்டது. மதியம் டெல்லி, ராத்தங்கல், முதல் ஃப்ளைட். திரும்பும்போது லே ஏர்போர்ட்டில் எவ்வளவு முன்னாடி இருக்க வேண்டும்? பெட்டி எடை?

தெற்குவாசல்:

இரண்டரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சின்ன நிலையம், காலை நான்கைந்து மணி நேரத்துக்குள் அத்தனை ஃப்ளைட்டும் குவியும். பாதுகாப்புச் சோதனையும் மற்ற ஊரை விடக் கடுமை. கொடுத்த பெட்டியைத் திரும்ப அடையாளம் காட்டச் சொல்லும் வழக்கமும் உண்டு. சொன்னால் போய்க் காட்டிவிட்டு வாருங்கள், காட்டாத பெட்டி ஏறாது. விமானப் படைத் தளம் என்பதால் ஓடுபாதைப் பக்கம் போட்டோ எடுக்கக் கூடாது.

எடை ஆளுக்கு 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். மேலே ஓடுபாதை_07 சொன்ன காரணத்தால்தான் அங்கே கூடுதல் கிலோவுக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான்.

போனதும் குறைந்தது 48 மணி நேரம் லே ஊரிலேயே ஓய்வு. கர்துங் லா கணவாய், பாங்காங் ஏரி எல்லாம் அதற்கப்புறம். பிரஷர், இதய மருந்து சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடட்டும். உயர நோய்க்கு மாத்திரை எடுப்பதும் அவர் சொன்னால்தான்.

கடைசியாக சிம். தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். நாலு பேரில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும், டிக்கெட்டில் அந்த எண்ணையே கொடுங்கள். ஃப்ளைட் ரத்து எஸ்எம்எஸ்ஸும், மாற்று டிக்கெட்டுக்கான ஓடிபியும் அதற்குத்தான் வரும்.